பொருளும் பொழுதும்

பொருள் ஈட்டுவது ஒரு திறமை. ஈட்டியதைக் காப்பது மற்றொரு திறமை. இவ்விரண்டைப் பற்றியும் பெரியோர் இளைஞர்களுக்கு அடிக்கடி எடுத்துரைக்கின்றனர். ஆனால், பொருள் தேடும் ஆண்டுகளிலேயே குடும்பத்தோடு கூடி வாழ்வது எவ்வாறு என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. முதலில் சம்பாதிப்போம், பிறகு வாழ்வோம் என்று பலர் அதனைத் தள்ளி வைத்துவிடுகின்றனர். அவ்வாறு தள்ளி வைக்கத்தக்கதா அது? ஒருவருடைய வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அமெரிக்கப் பேரறிஞரை, மின்னலை ஆராய்ந்தவராக மாணவர்கள் அறிவார்கள். தொழிலால் அவர் ஓர் அச்சுக்காரர். 1706ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினேழாம் வயதில் ஏறக்குறைய வெறுங்கையோடு பிலடெல்பியா நகரை அடைந்தார். 1728இல் ஒரு கூட்டாளியுடன் அச்சகம் தொடங்கினார். மறு ஆண்டு ஒரு செய்தித்தாளை விலைக்கு வாங்கினார். 1730இல் அவருக்கு வாழ்க்கைத் துணையான டெபோரா கடையைக் கவனித்துக்கொண்டார். சிறு நூல்களைத் தைத்துக் கொடுத்தார். ஆகவே, அந்த வீட்டில் சேர்ந்த செல்வம் இருவர் உழைப்பால் சேர்ந்தது.

வருமானம் பெருகியபோது பிராங்கிளின் அதனை ஆடம்பரத்தில் கரைத்துவிடவில்லை. தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கு அச்சுப்பொறியும் எழுத்துகளும் வாங்கித் தந்து, வேறு ஊர்களில் அச்சகம் நடத்தச் செய்து, இலாபத்தில் பங்கு பெற்றார். சேமித்த பணம் இவ்வாறு அவருக்காக உழைத்தது. 1748இல், 42ஆம் வயதில், தம் அச்சகத்தை டேவிட் ஹால் என்னும் கூட்டாளியிடம் ஒப்படைத்தார். இலாபத்தில் பாதியைப் பதினெட்டு ஆண்டுகள் தமக்கு அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பின்னர்க் கூலிக்காக உழைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவருடைய மின் ஆராய்ச்சியும் பொதுப்பணியும் அந்த ஓய்வினால் வளர்ந்தன.

சேமிப்பின் உண்மையான பயன் இங்கே விளங்குகிறது. அது பெட்டியில் கிடக்கும் பணம் அன்று. நம் பொழுதை நாமே பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. மிகுந்த ஊதியம் பெறுபவர் எல்லோருக்கும் இவ்வுரிமை வாய்ப்பதில்லை. ஊதியம் உயரும்போதெல்லாம் செலவும் உடன் உயருமானால், அவர் வேலைக்கு மேலும் மேலும் அடிமையாகிறாரே அன்றி விடுதலை பெறுவதில்லை.

இளமையில் சேமிப்பதற்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இருமடங்காகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். வட்டி 8 சதவீதம் எனில், அக்காலம் 9 ஆண்டுகள். இருபத்து நான்காம் வயதில் ஒதுக்கிய ஓர் இலட்சம் ரூபாய் அறுபதாம் வயதில் நான்கு முறை இரட்டித்து 16 இலட்சமாகிறது. அதே தொகையை நாற்பத்திரண்டாம் வயதில் ஒதுக்கினால் கிடைப்பது நான்கு இலட்சமே. விலைவாசி ஏற்றத்தால் பணத்தின் மதிப்புக் குறையும் என்பது உண்மை; ஆயினும் முந்தித் தொடங்கியவருக்கு உள்ள மேன்மை குறைவதில்லை.

இனி, பிராங்கிளின் வாழ்வின் மறுபக்கத்தைக் காண்போம். 1757இல் தம் குடியேற்ற நாட்டின் பிரதிநிதியாக அவர் இலண்டன் சென்றார். கடற்பயணத்திற்கு அஞ்சிய டெபோரா பிலடெல்பியாவிலேயே தங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் திரும்பிய பிராங்கிளின், 1764இல் மீண்டும் புறப்பட்டார். திரும்பி வருவது ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயிற்று. 1767இல் மகள் சாராளின் திருமணம் தந்தை இல்லாமலே நடந்தது. நோயுற்ற டெபோரா, கணவரை மீண்டும் காணாமலே 1774 டிசம்பரில் இறந்தார். பிராங்கிளின் தாயகம் திரும்பியது 1775இல். அவர் ஆற்றியது அரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும், ஓய்வையே விலைக்கு வாங்கும் அளவு பொருள் சேர்த்த அவருக்கும் அந்தப் பத்து ஆண்டுகளை மீட்கும் வழி இருக்கவில்லை.

1790இல் காலமான அவர், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு ஆயிரம் பவுன் எழுதி வைத்திருந்தார். மணமான இளந்தொழிலாளருக்கு அதனை 5 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்து, இருநூறு ஆண்டுகள் வளர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1990இல் பாஸ்டனின் நிதி ஏறத்தாழ 50 இலட்சம் டாலராகவும், பிலடெல்பியாவின் நிதி 20 இலட்சம் டாலருக்கு மேலாகவும் வளர்ந்திருந்தன. பணம் இருநூறு ஆண்டுகள் காத்திருந்து வளர்ந்தது. மனைவியோடும் மகளோடும் கழிக்க வேண்டிய காலமோ காத்திருக்கவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது என்ன? வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஒரு பகுதியைச் சேமித்தல் வேண்டும். ஊதியம் உயரும்போது, செலவைக் கூட்டுமுன் சேமிப்பைக் கூட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் பலர் சொல்வன. மூன்றாவது ஒன்றும் உண்டு: கூடுதல் வருமானம் தரும் வேலை வரும்போது, அது வீட்டிலிருந்து எத்தனை மணி நேரத்தைக் கொண்டுபோகும் என்று கணக்கிட வேண்டும். நாளுக்கு ஒரு மணி, ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால், ஒரு குழந்தை பதினெட்டு வயதை எட்டுவதற்குள் 5,400 மணி ஆகிறது. இரவு பகலாகச் சேர்த்து எண்ணினால், அது 225 நாள்.

வறுமையால் அந்த நேரத்தை விற்றே தீர வேண்டிய குடும்பங்கள் பல உண்டு. அவர்களைக் குறை கூறுதல் தகாது. ஆனால், நல்ல ஊதியமும் சிறிது சேமிப்பும் உடையவர், வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லும் வலிமை பெற்றவர். அவ்வலிமையைப் பெறுவதற்காகவே இளமையில் சேமியுங்கள். பெற்றபின், அதனைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.