ஒரு சிறை எத்தனை நாள் கொள்ளும்?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியிலிருந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் சென்னையைத் தாண்டிப் புழல், மேற்கே போனால் வேலூர் தொரப்பாடி. இரண்டு ஊரிலும் மத்தியச் சிறை உண்டு. இன்னும் இருபது ஆண்டுகளில் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இன்றே கணித்தாக வேண்டும். ஏனென்றால் சிறைச்சுவர் லேசில் மறையாது. 1837இல் கட்டிய சென்னை மத்தியச் சிறையை 2009இல்தான் இடித்தார்கள்.

குற்றம் பெருகினால் சிறை நிரம்பும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்கிறது, அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய சூத்திரம். வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருந்தால், நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் போதும். உள்ளே இருப்போர் எண்ணிக்கை வந்துவிடும். நாளுக்குப் பத்துப் பேர் வந்து, சராசரியாக 90 நாள் தங்கினால் 900 பேர். தங்கும் காலம் 60 நாளானால் 600. குற்றம் ஒன்றுகூடக் குறையவில்லை, ஒரு செங்கல்லும் புதிதாக வைக்கவில்லை, ஆனாலும் 300 பேருக்கு இடம் பிறந்துவிட்டது!

பத்தாண்டு இருக்கும் ஒரு கைதி, மூன்று மாதத்தில் வெளியேறும் நாற்பது பேருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். இன்றைய ஆயுள் தண்டனைகளைக் கூட்டிப் பார்த்தால் 2040இன் கணக்கில் ஒரு பகுதி இப்போதே தெரிந்துவிடும். திட்டமிடுபவரைத் திணறடிப்பது விசாரணைக் கைதிகள்தான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே வர முடியாத ஏழைகள் இவர்களில் உண்டு. 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கு அப்படிப்பட்டது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் அவர். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். உடன்பிறந்தவர் முன்வந்தார், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்துவிட்டார் மாஜிஸ்திரேட். நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவருக்கு இந்தக் கதி நேர்ந்தால் என்ன ஆகும்? தறியில் ஏற்றிய பாவு அப்படியே நிற்கும், வாங்கிய முன்பணம் கடனாகத் தலையில் ஏறும். மூன்று மாதம் கழித்து அவர் நிரபராதி என்று தீர்ப்பானாலும் அந்தக் குடும்பம் இழந்ததை யார் கொடுப்பார்கள்?

நாட்களைக் குறைக்கும் வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவதற்கு சென்னை மாகாணம் 1936இலேயே சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958இல்தான் வந்தது. 2024 ஜூலை 1 முதல் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கலாம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் அல்லாவிட்டால், முதல்முறை சிக்கியவரை, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் கழிந்ததும் பிணையில் விடவும் அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வழிசெய்கிறது.

புதிய சிறைக்கு நிலம் தேடும் முன், ஒவ்வொரு நீதிமன்றத்திலிருந்தும் வரும் கைதி எத்தனை நாள் காத்திருக்கிறார், அதில் ஜாமீன்தாரரைத் தேடியதில் எத்தனை நாள், சாட்சி வராததில் எத்தனை நாள் போயின என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். நாளுக்குப் பத்துப் பேர் வரும் சிறையில் சராசரி பத்து நாள் குறைந்தாலே நூறு பேருக்கான சுவர் தேவைப்படாது.