புகையிலிருந்து சோடா

ஆலைப் புகை என்றதும் முகம் சுளிக்கிறோம். அதையே மூலப்பொருளாக்கிய கதை நம் ஏரலுக்கு அருகில், தூத்துக்குடியில் நடந்தது.

உப்பு, அம்மோனியா, கரியமில வாயு, தண்ணீர் ஆகியவை சேர்ந்தால் சமையல் சோடா படியும். அதைச் சுட்டால், கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் வேண்டிய சோடா சாம்பல். உடன் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு வயலுக்கு உரம். உப்புக்கு நம் கடற்கரையில் பஞ்சமில்லை. கரியமில வாயுதான் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். 2016-இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அதைப் பிடிக்கத் தொடங்கியது. கோபுரத்தினுள் புகை மேலேற, ஒரு கரைசல் மழைபோல் இறங்கி அவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். சூடாக்கினால் வாயு பிரியும். கரைசல் மறுபடியும் பயன்படும். ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம்.

கரைசலை உருவாக்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த ஷர்மா, பிரதீக் பம்ப் என்ற இளைஞர்கள். இந்தியாவில் முதலீடு கிட்டாமல் லண்டன் சென்றவர்களுக்கு ஆலை வாய்த்ததோ தூத்துக்குடியில்! அரசு மானியமும் இல்லை. ஆலை நிர்வாகிக்கு உலகைக் காக்கும் எண்ணமே இருக்கவில்லையாம். வாயு தடையின்றிக் கிடைத்தால் போதும் என்றிருந்தாராம்.

ஆனால் நாம் ஒன்றை மறக்கலாகாது. ஆப்ப மாவில் அம்மா இடும் சோடா பொங்குவது, அடைபட்ட அதே வாயு வெளியேறுவதால்தான். கண்ணாடி உலையிலும் சோடா சாம்பல் அதை விட்டுவிடுகிறது.