வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம்

டீ வருவதற்குள் ஒன்றைப் பேசித் தீர்த்துவிடுவோம், தம்பி. கேட்டகிரி மேனேஜருக்கு ஏஐ செயலி செய்யப்போகிறேன் என்று நீ வரைந்து கொண்டுவந்த முதல் படத்தில் ஒரு சாட் பெட்டி இருக்கிறது. ‘எதை வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று அதற்குள் எழுதியிருக்கிறாய். தப்பில்லை. வால்மார்ட்டே 2025-இல் தன் கொள்முதல் ஆட்களுக்கு ‘வாலி’ என்று அப்படி ஒரு துணையைக் கொடுத்தது. ஆனால் உன் பெட்டிக்கு முன்னால் உட்காரப்போகிறவருக்குத் திங்கட்கிழமை காலையில் என்ன கேட்பது என்று யோசிக்கவே நேரம் இருக்காது. அவர் வேலையை முதலில் பார்ப்போம். சாட் பெட்டி இரண்டாம் வரிசையில் உட்காரட்டும்.

நாற்பது கடை உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட் தொடர் என்று வைத்துக்கொள். அதில் எண்ணெய், உப்பு, சோப்பு, சலவைத் தூள் முழுவதும் ஒரு மேடத்தின் பொறுப்பு. எந்த பிராண்ட், எந்த அளவு பாக்கெட், அலமாரியில் எத்தனை வரிசை, என்ன விலை, என்ன ஆஃபர், எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு மார்ஜின் என்று எல்லாம் அவர் தலையில். திங்கள் காலை விற்பனைக் கணக்கு ஒரு எக்செல்லில் வரும். ஸ்டாக் இன்னொரு எக்செல்லில். டிஸ்ட்ரிபியூட்டர் புது விலைப்பட்டியலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். ஓரம் மடங்கி இரண்டு வரி தெரியாது. கம்பெனியின் சேல்ஸ் ஆள் ஸ்கீம் கடிதத்தை மெயிலில் அனுப்பியிருப்பார். ஏதோ ஒரு கடையின் மேனேஜர் ‘லிட்டர் பாக்கெட் வரவே இல்ல மேடம்’ என்று வாய்ஸ் நோட் விட்டிருப்பார். இதையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்ப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். முடிவெடுக்க மிஞ்சுவது அரை மணி நேரம்.

இந்த ஒன்று சேர்க்கும் வேலையில்தான் ஏஐ உடனடியாகக் கைகொடுக்கும். மடங்கிய போட்டோவைப் படிப்பது, கடிதத்திலிருந்து தேதியையும் சதவீதத்தையும் பிரித்து எடுப்பது, வாய்ஸ் நோட்டை எழுத்தாக்குவது, பதில் மெயிலுக்கு வரைவு போடுவது எல்லாம் இப்போதைய மொழி மாதிரிகளுக்குச் சுலபம். கூட்டல் கழித்தலை மட்டும் அவற்றிடம் விடாதே. மார்ஜினும் ஸ்டாக் நாள் கணக்கும் டேட்டாபேஸில் சாதாரணக் கணக்காக ஓடட்டும். அடுத்த வாரம் எவ்வளவு போகும் என்ற முன்கணிப்புக்கு அதற்கென்றே இருக்கும் புள்ளியியல் மாதிரி. திரையில் இந்த மூன்றும் மூன்றாகத் தெரிய வேண்டும்: இது காகிதத்தில் படித்தது, இது கணக்குப் போட்டது, இது ஊகம். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அழகான தமிழில் கலந்து கொடுத்தால் மேடம் ஒரு தடவை நம்புவார். ஒரு எண் தப்பானதும் எக்செல்லுக்கே திரும்பிவிடுவார்.

அடுத்தது ஸ்டாக். சிஸ்டத்தில் அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் 8 பாட்டில் என்று இருக்கும். அலமாரியில் ஒன்றும் இருக்காது. உடைந்திருக்கலாம், களவு போயிருக்கலாம், பின்னறையில் வேறு பெட்டிக்குப் பின்னால் கிடக்கலாம், பில் போடுகிறவர் அவசரத்தில் இரண்டு வகைப் பாட்டிலுக்கு ஒரே பாட்டிலை ஸ்கேன் செய்திருக்கலாம். நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் ஒரு பெரிய சில்லறைத் தொடரின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 ஸ்டாக் பதிவுகளைக் கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை. 2008-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதில் இயந்திரம் எப்படி ஏமாறும் என்று பார். ஆறு நாளாக விற்பனை பூஜ்யம். ஸ்டாக் 8 இருக்கிறது என்பதால் ஆர்டர் போகாது. ஆர்டர் போகாததால் பூஜ்யம் தொடரும். மாதக் கடைசியில் ‘விலை போகாத சரக்கு, நீக்கலாம்’ என்று பட்டியலில் வந்து நிற்கும். நன்றாக விற்றுத் தீர்ந்த சரக்குக்கு விற்கவே இல்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவோம். அதனால் அந்த இடத்தில் செயலி முடிவு சொல்லக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். ‘சிஸ்டத்தில் 8 இருக்கிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு 3 போகும். 6 நாளாக ஒன்றும் போகவில்லை. அலமாரியைப் பார்க்கச் சொல்லவா?’ மேடம் ஒரு தட்டு தட்டினால் கடை ஆளின் போனுக்குச் செய்தி போகும். அவர் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவார். அலமாரி காலி என்று தெரிந்தால் அந்த ஆறு நாளை முன்கணிப்புக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதாதே. தெரியாது என்று எழுது.

தேதியும் இப்படித்தான் காலை வாரும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வாங்கும் கூட்டம் பண்டிகைக்கு முந்தைய நாட்களில்தான் வரும். 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்லெண்ணெய் திடீரென்று எகிறியது போலத் தெரியும். நகர்ந்தது பண்டிகை மட்டும். மாதக் கணக்கை விட்டுவிட்டு ‘தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்ற கணக்கில் ஒப்பிட வேண்டும். அந்த நாள்காட்டியை மேடமே திருத்தும்படி வை. ஊர்க் கோயில் திருவிழா எந்தப் பொது நாள்காட்டியிலும் இருக்காது.

பிரிவு என்பதையே எடுத்துக்கொள். தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? வரிக்காக இந்த வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சின்னப் பாட்டிலில் வந்தாலும் சுத்தமான தேங்காய் எண்ணெய் உணவு எண்ணெய்தான், தலைமுடி எண்ணெய் என்று லேபிள் ஒட்டி விற்றாலொழிய. நீதிமன்றத்துக்கே இவ்வளவு காலம் பிடித்த விஷயத்தை உன் ஏஐ ஒரு நொடியில் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். ஒரே சரக்கு இரண்டு பிரிவிலும் தெரிய இடம் வை. எந்த அலமாரியில் நிற்க வேண்டும் என்பதை மேடம் பார்த்துக்கொள்வார்.

சரி, டீ வந்துவிட்டது. ஆற விடாமல் குடி. முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஸ்கீம் கடிதம் ஒன்று வருகிறது: 15-ஆம் தேதிக்குள் 100 பெட்டி எடுத்தால் 3 சதவீதம் கூடுதல் தள்ளுபடி. பெட்டி 2,400 ரூபாய். ஏஐ கடிதத்தைப் படித்து, அந்த வரியைக் கடிதப் படத்திலேயே கோடிட்டுக் காட்டுகிறது. கணக்கு ஓடுகிறது. 100 பெட்டிக்கு 2,40,000 ரூபாய்; 3 சதவீதம் 7,200 ரூபாய் லாபம். வாரத்துக்கு 20 பெட்டி போகும், ஆகவே ஐந்து வாரச் சரக்கு. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, சராசரியாகப் பாதிச் சரக்கு கையில் இருக்கும் என்று வைத்தால் முடங்கும் பணத்துக்குச் செலவு ஏறத்தாழ 1,400 ரூபாய். எடுக்கலாம் என்று செயலி சொல்கிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

மேடம் வேண்டாம் என்கிறார். ஏன்? சனிக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டர் போனில் பேசும்போது, மேலே விலை இறங்குகிறது, இரண்டு வாரத்தில் புதுப் பட்டியல் வரும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படி விலை 5 சதவீதம் இறங்கினால் அப்போது கையில் 60 பெட்டி இருக்கும். 1,44,000 ரூபாய்ச் சரக்கில் 5 சதவீதம், அதுவும் 7,200 ரூபாய். கிடைத்த தள்ளுபடி முழுவதும் போய், வட்டி கையை விட்டுப் போகும். அந்த போன் பேச்சு எந்த டேட்டாபேஸிலும் இல்லை.

நான் பார்த்த பெரும்பாலான செயலிகளில் இந்த இடத்தில் ‘நிராகரி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் அந்தப் பரிந்துரை மறைந்துபோகும். போனதோடு போயிற்று. இந்தச் செயலியிலேயே விலையுயர்ந்த தகவல் அந்த நொடியில்தான் வந்தது, அதைக் குப்பையில் போட்டுவிட்டோம். உன் வடிவமைப்பில் நீ அதிக நாள் செலவழிக்க வேண்டிய திரை இதுதான், தம்பி. வேண்டாம் என்றதும் ‘ஏன் மேடம்?’ என்று கேட்க வேண்டும்; பதில் சொல்ல பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது. மைக்கை அழுத்தி ‘விலை இறங்கப்போகுது, டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னாரு’ என்று சொன்னால் போதும். ஏஐ அதை எழுதி, ‘விலை எதிர்பார்ப்பு’ என்ற தலைப்பில் போட்டு, சரிதானா என்று காட்டட்டும். மூன்று வாரம் கழித்து அதுவே வந்து சொல்லட்டும்: விலை இறங்கியது, அல்லது இறங்கவில்லை. இன்னொரு நாள் காரணம் வேறாக இருக்கும். ‘அந்தக் கடைப் பக்கத்து ரேஷனில் இந்த மாதம் பாமாயில் இன்னும் வரல, விலை குறைந்த பாக்கெட் கூடுதலா போகும்’ என்பார். இதைச் சொல்லித்தர எந்த மாதிரியாலும் முடியாது.

அதற்காக மேடம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளாதே. ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் முதலானோர் நான்கு கம்பெனிகளில் 60,000-க்கும் மேற்பட்ட முன்கணிப்புகளைப் பார்த்து 2009-இல் எழுதியது இப்படி: கம்ப்யூட்டர் சொன்ன எண்ணை மனிதர்கள் பெரிய அளவில் மாற்றிய இடங்களில் பெரும்பாலும் நன்மை இருந்தது. கொஞ்சம் கொஞ்சம் நோண்டிய இடங்களில் பெரும்பாலும் கெட்டது. கூட்டியவர்கள் குறைத்தவர்களைவிட அதிகம் தவறினார்கள். ஆசை கண்ணை மறைக்கும். பெரிதாக மாற்றுகிறவருக்குக் கையில் ஒரு செய்தி இருக்கும். 40-ஐ 42 ஆக்குகிறவர் சும்மா கை வைக்கிறார்.

அப்படியானால் சின்னத் திருத்தங்களைப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதே. டீட்வோர்ஸ்ட், சிமன்ஸ், மாஸி மூவரும் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், கணிப்பை இம்மியளவாவது மாற்றலாம் என்று விட்டபோது இன்னும் அதிகம் பேர் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். மாற்றவே கூடாது என்றால் ஏற்றவர்கள் குறைவு. ஆகவே சின்ன மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் விடு, பின்னால் அளந்து மாதம் ஒருமுறை மேடத்துக்கு மட்டும் காட்டு. அவர் மேலதிகாரிக்குக் காட்டினால் கதை முடிந்தது. பெரிதாகக் கூட்டும்போது மட்டும் காரணம் கேள்.

எதை இயந்திரமே செய்யலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், தப்பானால் திருப்ப முடியுமா என்பதுதான். உப்பு, சோப்பு மாதிரி தினசரிச் சரக்குக்கு ஒரு வரம்புக்குள் ஆர்டர் தானே போகட்டும். ஒரு பிராண்டை நீக்குவது, கம்பெனிக்குக் கடிதம், விலை மாற்றம் எல்லாம் மேடம் அமுக்கித்தான் போக வேண்டும். விலையில் இன்னொரு சிக்கல்: ஒரே பார்கோடில் இரண்டு மூன்று எம்ஆர்பி ஓடும். 2025 செப்டம்பர் 22-இல் தலைமுடி எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது பழைய விலை அச்சிட்ட பாட்டிலும் புதியதும் ஒரே அலமாரியில் நின்றன. எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். இதை ஏஐயிடம் ‘பார்த்துக்கொள்’ என்று சொல்லி வைக்காதே; மீற முடியாத விதியாக நிரலிலேயே எழுது.

கம்பெனிக்காரர் அனுப்பும் தாள்களிலும் ஒரு கண் இருக்கட்டும். அலமாரியில் எதை எங்கே வைக்கலாம் என்று பெரிய கம்பெனிகளே திட்டம் போட்டுத் தருவது பழைய வழக்கம். தங்கள் சரக்குக்குக் கண்ணெதிர் வரிசை கேட்பார்கள், அது இயல்பு. அந்தத் தாளை ஏஐ படித்துவிட்டுத் தன் சொந்த யோசனைபோலச் சொன்னால்தான் ஆபத்து. யார் தந்த எண் என்பது எண்ணோடேயே ஒட்டியிருக்க வேண்டும். தாளுக்குள் ‘இந்த பிராண்டைப் பரிந்துரை’ என்று பொடி எழுத்தில் யாராவது எழுதி வைத்தால், அது செய்தி என்றுதான் படிக்கப்பட வேண்டும், கட்டளை என்று எடுத்துக்கொள்ளப்படக் கூடாது.

உன் முதலாளி அளவீடு கேட்பார். ‘செயலி சொன்னதில் எத்தனை சதவீதம் ஏற்கப்பட்டது’ என்பதைக் கொடுத்துவிடாதே. அந்த எண் ஏற வேண்டுமென்றால் உன் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததையே பரிந்துரையாகப் போடுவார்கள், மேடமும் சலித்துப்போய் ‘சரி, சரி’ என்று அமுக்குவார். அலமாரி எத்தனை நாள் காலியாக இருந்தது, எவ்வளவு சரக்கு தேதி முடிந்து கழிந்தது, அறிக்கை சேர்க்க மேடம் எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கொடு.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். உப்பிலும் சலவைத் தூளிலும் தொடங்கு. சீசன் இல்லை, விலை அலைபாயாது. முதல் ஒரு மாதம் செயலி தன் யோசனையை எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும், மேடம் தன் வழக்கப்படி முடிவெடுக்கட்டும். பிறகு இரண்டையும் எதிரெதிரே வைத்து அவரோடு உட்கார்ந்து பார். எண்ணெய்க்கு வருவதைத் தீபாவளி கழிந்த பிறகு வைத்துக்கொள். அதற்கு முந்தைய மூன்று வாரம் அவர் உன் போனையே எடுக்கமாட்டார்.