கேட் திறக்குமா? ஒரு கணக்கு!



நம்ம ஏரியாவில் 'கேட்' என்றால் ஹார்பர் ஜீரோ கேட்தான். நான் சொல்லப்போவது வேற கேட். ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேருவதற்கு நவம்பர் மாதக் கடைசியில் நடக்கும் நுழைவுத் தேர்வு. "அது டிகிரிக்கு அப்புறம்தானே, இப்ப நமக்கு எதுக்கு?" என்று நானும் நினைத்தேன். எங்க பெரியப்பா பையன் கதையைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

அண்ணன் பி.காம். முடித்து ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். 2024 தேர்வில் 97.8 பெர்சன்டைல். "நூத்துக்குத் தொண்ணூத்தேழா!" என்று பெரியம்மா கேசரியே கிண்டிட்டாங்க. ஆனால் பெர்சன்டைல் என்பது மார்க் இல்லை. எழுதின 100 பேரில் 97.8 பேர் நமக்குக் கீழே என்று அர்த்தம். அந்த வருடம் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அண்ணனுக்கு முன்னாடி 6,400 பேர் நிற்கிறார்கள்! அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் சீட்டோ சுமார் 400தான்.

அதோடு விட்டார்களா? இண்டர்வியூவுக்குக் கூப்பிடும் முன்பே பழைய மார்க்கையும் தோண்டுகிறார்கள். அகமதாபாத் வெளியிட்ட முறையில் பத்தாம் வகுப்புக்கு 90 சதவீதத்துக்கு மேல் என்றால் 10 பாயின்ட். 80க்கு மேல் 8, 70க்கு மேல் 5, 60க்கு மேல் வெறும் 3. பிளஸ் டூ, டிகிரி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி பாயின்ட் உண்டு. அண்ணன் டென்த்தில் 500க்கு 305, அதாவது 61 சதவீதம். எந்த கோச்சிங் சென்டரில் சேர்ந்தாலும் அந்த 3 பாயின்ட் 3தான். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

எல்லா இடத்திலும் இதே கணக்கு இல்லை. இருபதுக்கும் மேல் ஐ.ஐ.எம்.கள் இருக்கு, திருச்சியில் 2011லேயே வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன் விதியைத் தனியாக வெளியிடும். சிலவற்றில் பெண்களுக்குக் கூடுதல் பாயின்ட்டும் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம் சான்றிதழ். ஐ.ஐ.எம்.களில் எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடஒதுக்கீடு. கட்-ஆஃபும் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஆனால் நம்ம கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை ஓ.பி.சி. சீட்டுக்கு நீட்டினால் செல்லாது! மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வாங்கணும். நம்ம சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கா என்றும் பார்க்கணும். அண்ணனுக்கு இதுவே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் நடந்தார்.

பெரிய இடங்கள் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. புதிய ஐ.ஐ.எம். ஒன்று கூப்பிட்டது. இண்டர்வியூவில் முதல் கேள்வி, "திருவொற்றியூரா? அங்கே ட்ரெய்லர் லாரி ஏன் மணிக்கணக்கில் வரிசையில் நிற்குது?" யார்டில் இரண்டு வருடம் அதைத்தானே பார்த்தார்! கேட்டில் பேப்பர் செக்கிங், ஸ்கேனிங், உள்ளே இடம் இல்லாதது என்று பத்து நிமிஷம் பேசினாராம்.

சீட் கிடைத்தது. ஃபீஸுக்கு பேங்க் லோன். ஜூன் மாதம் ரயில் ஏறினார். மார்க் ஷீட் ஃபைலை மட்டும் யாரையும் தொட விடவில்லை, மேலேயே டென்த் மார்க் ஷீட் இருக்குதாம்!

- பிளஸ் ஒன் மாணவி, வணிகவியல் பிரிவு