‘குளிர்துயில் சுரப்பி’: ஒரு கலைச்சொல் ஆய்வு

1551ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர், ஆல்ப்ஸ் மலையில் வாழும் மர்மோட் என்னும் கொறிவிலங்கில், கொழுப்பென்றோ தசையென்றோ துணிய இயலாத ஒரு திசுவைப் பதிவுசெய்தார். குளிர்காலம் முழுதும் துயிலும் விலங்குகளில் அது மிகுந்து காணப்பட்டமையால், பின்வந்தோர் அதனைக் ‘குளிர்துயில் சுரப்பி’ எனப் பொருள்படும் பெயரால் நெடுங்காலம் வழங்கினர். நுண்ணோக்கியில் அதன் செல்கள் சுரப்பிச் செல்களை ஒத்துத் தோன்றியமை இம்மயக்கத்தை வலுப்படுத்தியது.

இன்று அது பழுப்புக் கொழுப்பு எனப்படுகிறது. நிறத்திற்குக் காரணம் செறிந்த மைட்டோகாண்டிரியாக்கள். குளிர்காலத்திற்கு முன் இச்செல்களில் கொழுப்புத் துளிகள் நிறைகின்றன. விலங்கு துயில் நீங்கும்போது அக்கொழுப்பு எரிந்து வெப்பமாகிறது. ஏறத்தாழ 5 பாகை செல்சியசில் கிடந்த உடல் சில மணிநேரத்தில் 37 பாகையை நெருங்குகிறது.

உண்மையான சுரப்பிச் செல்களின் பருவமாற்றம் வேறு வகையது. ஆண் தரை அணிலின் விந்தகத்தில் இயக்குநீர் சுரக்கும் லேடிக் செல்கள் துயிலுக்கு முன்பே ஒடுங்கி, இளவேனில் இனப்பெருக்கத்தை நோக்கி மீண்டும் பருக்கின்றன.

சுரப்பியைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஓக் மரக்கொட்டையின் வடிவால் அமைந்தது. தமிழ்ச்சொல்லோ சுரத்தல் என்னும் தொழிலால் அமைந்தது. ஆகவே அப்பழம்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவோர், மூலச்சொல்லில் இல்லாத ஒரு கூற்றையும் உடன் சேர்த்துவிடுகின்றனர்.