அலாரம் அடித்தும் தாதி ஓடி வராதது ஏன்?

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள உறவினரைப் பார்க்கப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மொனிட்டர் விடாமல் அடிக்கிறது. எமக்கு நெஞ்சு பதறுகிறது. தாதியோ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறார். "இவங்களுக்கு இரக்கமே இல்லை" என்று ஹந்தானைக்கு ஏறும் பஸ்ஸிலேயே பேசத் தொடங்கிவிடுகிறோம்.

உண்மையில் இது இரக்கம் சார்ந்த பிரச்சினை அல்ல. மருத்துவ உலகம் இதை 'அலாரச் சோர்வு' என்கிறது. சதா சத்தமிடும் வகுப்பில், உண்மையாகவே அடிபட்ட பிள்ளையின் அழுகை ஆசிரியரின் காதில் விழாமல் போவதைப் போன்றது இது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2013 மார்ச் மாதம் 77 கட்டில்களில் ஓர் ஆய்வு நடந்தது. 31 நாட்களில் பதிவான அலாரங்கள் 25 இலட்சத்துக்கும் மேல். காதுக்குக் கேட்டவை மட்டும் ஒரு கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. பரிசீலிக்கப்பட்ட இதயத் துடிப்பு அலாரங்களில் சுமார் 89 சதவீதம் பொய்யானவை.

காரணங்கள் சாதாரணமானவை. நோயாளி புரண்டு படுத்தாலும், விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும், நெஞ்சில் ஒட்டிய பட்டை காய்ந்தாலும் அலாரம் அடிக்கும். நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஒட்சிசன் அளவு வழமையாகவே குறைவு. எல்லோருக்கும் ஒரே எல்லையை வைத்தால் அவரது மொனிட்டர் நாள் முழுக்க அடிக்கும்.

ஆபத்து என்னவென்றால், உண்மையான அலாரமும் இந்த இரைச்சலில் கரைந்துவிடும். 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் அமெரிக்காவின் ஜொயின்ட் கமிஷனுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன.

இதற்குத் தீர்வு உண்டு. பொஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதய நோய் வார்டு ஒன்றில், தானாக அடித்துத் தானாக நிற்கும் தேவையற்ற அலாரங்களை நீக்கினார்கள். இரு தாதியர் கலந்து பேசி, நோயாளிக்கேற்ப எல்லையை மாற்ற அனுமதித்தார்கள். வாரத்துக்கு 87,000க்கு மேல் இருந்த அலாரங்கள் 10,000க்கும் கீழே இறங்கின. பட்டைகளைத் தினமும் மாற்றுவதும் நல்ல பலன் தரும்.

எமக்கும் இதில் பங்குண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அங்கு போனால் அலாரத்தை நாமாக நிறுத்தக் கூடாது. தாதியை ஏசாமல், "மிஸ், இது என்ன சத்தம்?" என்று தன்மையாகக் கேட்கலாம். நிலைமை மோசமாகத் தெரிந்தால் தயங்காமல் கூப்பிட வேண்டும்.

எமது பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் வைத்தியசாலைகளுக்கு மொனிட்டர்களை அன்பளிப்புச் செய்வதுண்டு. இயந்திரத்தோடு நம் கடமை முடிந்துவிடாது. பட்டைகள், பராமரிப்பு, தாதியருக்கான பயிற்சி ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்குவோம். இல்லாவிட்டால் நாம் கொடுத்தது இன்னுமொரு இரைச்சலாகவே இருக்கும். சரியான நேரத்தில் அடித்து ஓர் உயிரைக் காக்கும் மொனிட்டரே ஸதகதுல் ஜாரியாவாக அமையும், இன்ஷா அல்லாஹ்.