பக்கத்து மாடி ஆண்டெனாவும் ஒரு பக்கக் கணக்கும்

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். "டீச்சர், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில நிக்கிற கம்பியில இருந்து கதிர்வீச்சு வருதாம். எம்பொண்ணுக்குத் தினமும் தலைவலி. அதை எடுக்கச் சொல்லுங்க" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட கேள்விகள் அறிவியல் ஆசிரியர் பக்கம்தான் வந்து சேரும்.

"ஒன்றும் ஆகாது அம்மா" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கிட்டும் பார்க்கவில்லை, அளந்தும் பார்க்கவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். குழந்தையின் தலைவலியைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டும்படியும் சொன்னேன்.

அந்தக் கம்பி ஒரு ஹாம் ரேடியோ ஆண்டெனா. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்றவர்கள் பொழுதுபோக்காகவும் பேரிடர்க் காலத்தில் உதவிக்காகவும் நடத்தும் வானொலி நிலையங்கள் இவை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நான் போய்க் கேட்டபோது முகம் சுருங்கினாலும், "வாங்க டீச்சர், எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்று தன் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு நேரம் பேசினார் என்பதெல்லாம் அதில் இருந்தது.

வீட்டு ஆண்டெனாவை எப்படிச் சோதிப்பது என்று தேடியபோது, பள்ளிக்கூடக் கணக்கு போல எளிதாக எனக்குக் கிடைத்தது அமெரிக்க விதிதான். அந்நாட்டில் வானொலி அலைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு எஃப்.சி.சி. மனிதர் மீது படும் அலைக்கு அது 1996இல் புதிய வரம்புகளை வகுத்தது. அப்போது ஹாம் நிலையங்கள் பலவற்றுக்குச் சோதனை தேவைப்படவில்லை. எடுத்துக்காட்டாக, 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 50 வாட்டுக்கு மேல் போகாத நிலையத்துக்கு விலக்கு இருந்தது. 2021 மே 3இல் நடைமுறைக்கு வந்த மாற்றம் இந்த விலக்கை நீக்கியது. ஏற்கெனவே இயங்கிய நிலையங்களுக்கு 2023 மே 3 வரை இரண்டாண்டு அவகாசம் தந்தார்கள்.

இந்த மாற்றம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வாட்டை மட்டும் பார்த்தால் பாதி விவரம்தான் தெரியும். 50 வாட் ஆண்டெனா முப்பது மீட்டருக்கு அப்பால் இருப்பதும் பால்கனிக் கைப்பிடியில் கட்டியிருப்பதும் ஒன்றா? புதிய விதி தூரத்தையும் கேட்கிறது. 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை கணக்கு இதுதான்: ஆண்டெனாவுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருமடியை 3.83ஆல் பெருக்க வேண்டும். வெளிப்படும் பயனுறு திறன் அந்த வாட் அளவைத் தாண்டாவிட்டால் மேற்கொண்டு சோதனை வேண்டாம். தாண்டினால் அது ஆபத்து என்று பொருள் இல்லை, விரிவாகக் கணக்கிட வேண்டும் என்றுதான் பொருள். இருமடி ஏன் வருகிறது என்பதை நாம் வகுப்பில் சொல்லித்தான் வருகிறோம். எதிர்த்தகவு இருமடி விதிப்படி தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இந்த அலைவரிசைப் பகுதிக்கு வரம்பு மிகக் கடுமையாக இருப்பதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. இங்கே அலைநீளம் 10 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. மனித உயரம் அரை அலைநீளத்தை நெருங்கும்போது நம் உடலே நல்ல ஆண்டெனாவாக மாறி ஆற்றலை அதிகம் உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஆற்றல் வெப்பமாகிறது. எக்ஸ் கதிர் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது. 145 மெகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் வரும் குழப்பம் பெற்றோரிடம் மட்டுமல்ல, ஆசிரியர் ஓய்வறையிலும் இருக்கிறது.

பொதுமக்களுக்கான வரம்பு இங்கே சதுர மீட்டருக்கு 2 வாட், 30 நிமிடச் சராசரியில். உரிமதாரரும் அவர் வீட்டாரும் விவரம் அறிந்தவர்கள் என்று கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கு 10 வாட், 6 நிமிடச் சராசரியில். அக்கம்பக்கத்தாருக்கும் வீட்டுக்கு வந்துபோகிறவருக்கும் 2தான்.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேருடன் கணக்கில் இறங்கினோம். கருவி 50 வாட். பதிவேட்டின்படி எந்த அரை மணி நேரத்திலும் அவர் ஒலிபரப்பியது 15 நிமிடத்துக்கு மேல் இல்லை. ஆகவே சராசரி 25 வாட். (இங்கேதான் பதிவேட்டின் அருமை தெரிந்தது. அது இல்லையென்றால் முழு 50ஐயே எடுத்திருக்க வேண்டும்.) டார்ச் விளக்கின் குழியாடி ஒளியைக் குவிப்பது போல இந்த ஆண்டெனா பக்கவாட்டில் திறனை நான்கு மடங்காக்குகிறது; 25 வாட் 100 ஆகிறது. எஃப்.சி.சி. சூத்திரத்தில் உள்ள பயனுறு திறன் டைபோல் ஆண்டெனாவோடு ஒப்பிட்ட அளவு என்பதால் அதை 1.64ஆல் வகுத்தோம்: 61 வாட். கேபிளில் வீணாவதை வேண்டுமென்றே கழிக்கவில்லை.

வகுப்பறைச் சுவர் 14 மீட்டர் தூரத்தில். 14இன் இருமடி 196, 3.83ஆல் பெருக்கினால் 750. எங்கள் 61 அதன் அருகில்கூட வரவில்லை. வகுப்பறைக்குச் சோதனையே தேவையில்லை.

மாணவர்கள் கைதட்டிவிட்டார்கள். அப்போது ஒரு மாணவி, "டீச்சர், அந்தத் தாத்தா வீட்டுத் தண்ணித் தொட்டி கம்பிக்குப் பக்கத்துல இருக்கே, அதுக்குப் போட வேணாமா?" என்று கேட்டாள். நான் அதை யோசிக்கவே இல்லை. மறுநாள் அனுமதி கேட்டு, நாடாவோடு மாடிக்குப் போனேன். தொட்டி ஏணியில் நிற்பவரின் தலைக்கும் ஆண்டெனாவுக்கும் 2.5 மீட்டர். 6.25ஐ 3.83ஆல் பெருக்கினால் 24. நம்மிடம் இருப்பதோ 61. இங்கே விலக்கு இல்லை.

விரிவான கணக்கில், தரைப் பிரதிபலிப்புக்காக 100ஐ 2.56ஆல் பெருக்கி, 2.5 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பால் வகுத்தோம்: சதுர மீட்டருக்கு 3.3 வாட். வரம்பு 2. வரம்பைத் தொட்ட உடனே யாரும் விழுந்துவிடப் போவதில்லை. முழு உடல் உறிஞ்சலில் தீங்கு தொடங்கும் அளவில் ஐம்பதில் ஒரு பங்காகத்தான் பொதுமக்கள் வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் தாண்டியது தாண்டியதுதான். தொட்டி கழுவக் கூலிக்கு வருபவருக்கு அந்தக் கம்பி என்னவென்றே தெரியாது. கூட்டத்தில் அவருக்காக யாரும் பேசவுமில்லை.

பெரியவர் இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தார். பிறகு, "இது எனக்குத் தோணலியேம்மா" என்றார். அடுத்த மாதமே கம்பத்தை 4 மீட்டர் உயர்த்தினார். இப்போது தலையிலிருந்து தூரம் 4.7 மீட்டர், அனுமதிக்கும் திறன் 85 வாட். 61 அதற்குள் அடங்கிவிட்டது. மாடியில் ஆள் ஏறினால் கருவியை அணைத்துவிடுவதாகவும் எழுதிக்கொண்டார்.

பதிவு பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் இந்தக் கணக்கை ஹாம் உரிமதாரர் எங்கும் அனுப்பத் தேவையில்லை. ஆணையம் கேட்டால் காட்டத் தயாராக வைத்திருப்பதே நல்லது. பிரிட்டனில் ஆஃப்காம் அமைப்பு ஒரு படி மேலே போய், 10 வாட்டுக்கு மேல் வெளிப்படுத்தும் நிலையங்கள் கணக்கை எழுதி வைத்திருப்பதை உரிம நிபந்தனையாகவே ஆக்கியிருக்கிறது. எங்கள் மாணவர்கள் தயாரித்தது ஒரே பக்கம்: தேதி, அதிர்வெண், திறன், ஆண்டெனா வகை, உயரம், ஆள் நிற்கக்கூடிய ஒவ்வோர் இடத்தின் தூரம், விடை. கருவியோ ஆண்டெனாவோ மாறினால் மீண்டும் போட வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தை அந்தத் தாயிடம் காட்டினேன். எண்களை விட, மகளின் வகுப்புத் தோழர்கள் நாடா பிடித்து அளந்தார்கள் என்பதையே அவர் அதிகம் விசாரித்தார். பிறகு, "அப்போ செல்போன் டவருக்கு?" என்றார். நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் செல்போன் கோபுரங்களுக்குச் சர்வதேச வழிகாட்டுதலின் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அதைச் சொன்னேன். நாடாவை மாணவர்களிடமிருந்து இன்னும் திரும்ப வாங்கவில்லை.